மூன்று மணி நேரத்துக்கு

அடுக்குமாடிப் படிகளுக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து முடித்த பெயின்டர், கீழே ஓர் அட்டையை நிறுத்திவிட்டு பிரஷ் கழுவப் பின்பக்கம் போனார். வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் இடமாயிற்றே என்று ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார்: 'டோன்ட் வாக் இன் த்ரீ அவர்ஸ்.'

திரும்பி வந்தால் படி நெடுக செருப்புத் தடம். மேலே, சாம்பல் அப்பிய செருப்பைக் கையில் பிடித்தபடி முதல் மாடி வெளிநாட்டுப் பெண்மணி நின்றாள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று பெயின்டர் கத்தினார். அவளோ அட்டையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் பெயின்டரின் சம்பந்தியம்மா. கீழ்வீட்டில் இருக்கும் மகளை, அதாவது பெயின்டரின் மருமகளைப் பார்க்க வந்தவர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கல்யாணத்தன்றைக்கே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். தலைக்கனம் என்று பெயின்டர் அப்போதே முடிவுகட்டியிருந்தார்.

சம்பந்தியம்மா அட்டையைப் படித்தார். பெண்மணியிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"அவங்க மேல தப்பில்ல சம்பந்தி. எல்லாம் இந்த 'இன்' பண்ற வேலை."

"மூணு மணி நேரத்துல நடக்காதீங்கன்னுதானே எழுதினேன்?"

"இங்கிலீஷ்ல 'இன்'னா, அவ்வளவு நேரம் போனப்புறம்னு ஆயிடும். நீங்க இனிமேதான் பெயின்ட் அடிக்கப் போறீங்க, அதுக்குள்ள ஏறிடலாம்னு ஓடியிருக்காங்க. அவ்வளவு நேரமும் கூடாதுன்னா 'ஃபார்' போடணும்."

"அப்போ 'விதின்'?"

"அது பொல்லாதது. வண்டி 'இன் டென் மினிட்ஸ்' கிளம்பும்னு நான் சொன்னா, ஜனங்க நிதானமா டீ குடிச்சிட்டு வருவாங்க. 'விதின்'னு சொன்னா, அதுக்குள்ள எந்த நிமிஷமும் கிளம்பிடலாம். ஒருத்தரும் பெட்டிய விட்டு நகர மாட்டாங்க."

பெயின்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷன் நிறைய ஜனம் உட்காருவதும் ஓடுவதும் இந்த அம்மா வாயிலிருந்து வரும் ஒரு துளி வார்த்தையில் இருக்கிறது! அப்படிப்பட்டவர் வீட்டில் வார்த்தையை அளந்து பேசுவதில் என்ன அதிசயம்?

சம்பந்தியம்மா அட்டையில் 'இன்'னை அடித்து 'ஃபார்' எழுதினார். பெயின்டர் கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்க, பெண்மணியும் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். பெயின்டர் மேல்படியிலிருந்து மறுபடி பூசிக்கொண்டே இறங்கினார்.

"இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் 'விதின் ஒன் வீக்' முடிச்சுத் தரேன்னுல்ல சொல்லிட்டிருக்கேன்!"

"மறுநாளே போன் பண்ணிப் பிடுங்குவாங்களே?"

"உயிரை எடுப்பாங்கம்மா."

சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெயின்டர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். சத்தம் கேட்டு மருமகள் கதவைத் திறந்து, இவர்களுக்குள் என்ன பேச்சு என்று விழித்தாள்.

"உங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டா தாயி," என்றார் பெயின்டர். "எனக்கு இன்னும் நிறையக் கேக்கணும்."