நாலரை முழம்

போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் முப்பத்து மூன்று வருடம் கிரேனுக்கு அடியிலும் லோரிக்கு நடுவிலும் நின்று ஆட்களை மேய்த்தவர் பக்கிரிசாமி. அங்கே ஒரு கீறல்கூட விழாத மனிதர், ஓய்வு பெற்றபின் கிள்ளானில் சொந்த வீட்டு வாசற்படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து எட்டு மாதமாகியும் வலி விடவில்லை. 1993 தைப்பூசத்துக்கு மறுவாரம் டாக்டர் சொன்னார்: "கழுத்து வரைக்கும் சுடுதண்ணி. தினமும் இருபது நிமிசம். வீட்டுலயே ஒரு ஹாட் டப் வச்சிருங்க."

கூடப் போயிருந்த மகள் ராஜேஸ்வரி இதற்குக்கூட ஒரு வழி இருக்கிறதே என்று மகிழ்ந்தாள். பக்கிரிசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் இதே வார்த்தைகளை அவர் மனைவி பவுனம்மாளிடம் சொல்லியிருந்தாள். கழுத்து வரைக்கும், இருபது நிமிசம்.

பவுனம்மாளுக்கு மூட்டுவாதம். நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "என்னங்க, உட்கார்ந்து குளிக்கிற தொட்டி ஒண்ணு வாங்கிப் போடுங்களேன்" என்று வாய்விட்டுக் கேட்டாள். அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை. தொட்டிக்கு நாலு முழம் இடம் வேண்டும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். பக்கிரிசாமி குளியலறைச் சுவரோரம் குனிந்து, முழங்கையை ஊன்றி அளந்தார். மூன்றரை முழம். "இடம் பத்தாதுடி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை அவள் தன் கையால் அளந்து பார்த்தாள். நாலரை முழம் வந்தது. ஓடி வந்து சொன்னவளைப் பார்த்து அவர் சிரித்தார். "பூக்காரி முழமா போட்டுட்டு வந்து கணக்குச் சொல்றியா?" பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி அவர். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோகும் வரைக்கும் மணைக்கட்டையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில்தான் குளித்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆனதும் எழுந்திருக்க முடியாமல், "என்னங்க, வந்து தூக்கி விடுங்க" என்று உள்ளிருந்து கூப்பிடுவாள். அவர் பேப்பரில் ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் போவார். சில நாள் இரண்டு பக்கம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ் டப் கடையிலிருந்து நாராயணன் என்ற இளைஞன் அளவெடுக்க வந்தான். இரும்பு டேப்பைச் சர்ரென்று இழுத்துச் சுவரோரம் வைத்தான். "ஆறடி அங்கிள். அஞ்சரை அடி டப் தாராளமா உட்காரும்லா."

"சரியாப் பாரு."

"டேப்பு பொய் சொல்லாது அங்கிள்."

பக்கிரிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். அதே மாதிரி டேப் அவர் வேலைப் பையில் முப்பத்து மூன்று வருடம் கிடந்தது. கப்பலில் வந்த பெட்டியை அரை அங்குலம் பிசகாமல் அளந்தவர் அவர். அன்று ஏன் அதை எடுக்கவில்லை? ஏனென்றால் இடம் இருந்துவிடக் கூடாது என்று நினைத்தார். தைலம் தேய்த்தால் போகிற வலிக்குத் தொட்டி என்ன, நாம் என்ன ராஜ வம்சமா என்று நினைத்தார். அது அவருக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். இப்போதுதான் வெட்கமாக இருந்தது.

கடையில் நாராயணன் அவரை ஒவ்வொரு டப்பிலும் உட்கார வைத்துப் பார்த்தான். பெரியதில் கால் எதிர்ச் சுவரை எட்டவில்லை. "இதுல தண்ணி ஊத்தினா மிதப்பீங்க. முதுகுல ஜெட்டுத் தண்ணி பீச்சிப் படாது. பெருசா வாங்கினா நல்லதுன்னு நினைக்கிறவங்கதான் ஏமாறுவாங்க." சின்னதில் முழங்கால் மடங்கி நெஞ்சை முட்டியது. அஞ்சரை அடி டப்தான் சரியாக இருந்தது. முதுகு ஒட்டியது, பாதம் எதிர்ச் சுவரில் பதிந்தது.

டப்பை வீட்டில் பொருத்திய அன்று நாராயணன் உள்பக்கம் சிவப்பும் நீலமுமாக இரண்டு ஒட்டுநாடா ஒட்டினான். "சிவப்புக் கோடு வரைக்கும் தண்ணி விடுங்க. நீங்க உட்கார்ந்ததும் நீலக் கோட்டுக்கு ஏறும். அதுக்கு மேல ஒரு விரக்கடை ஏறாது. இன்னொரு ஆள் இறங்கினாத்தான் ஏறும்."

புதன், வியாழன் இரண்டு நாளும் தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் நீலக் கோட்டைத் தொட்டது, நிற்கவில்லை. மெதுவாக ஏறியது. கழுத்தைத் தாண்டி மோவாயில் வந்து நின்றது. விளிம்பில் வழிந்து தரையில் ஓடியது. அவர் காலை நீட்டினார். எதிர்ச் சுவர் எட்டவில்லை. அதற்கு முன்பே பாதம் எதன் மீதோ பட்டது. தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. சீயக்காய் வாசனை வந்தது. அந்த வீட்டில் சீயக்காய் வாங்கி இரண்டு வருடமாகிறது.

அவர் அலறவில்லை. ஆனால் அந்த இடுப்போடு எப்படி அவ்வளவு வேகமாக வெளியே வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

நாராயணன் வந்து குழாயைப் பார்த்தான், வால்வைப் பார்த்தான். எல்லாம் சரி. அவரை மறுபடி உட்காரச் சொன்னான். தண்ணீர் நல்ல பிள்ளையாக நீலக் கோட்டில் நின்றது. "அங்கிள் கூடுதலா விட்டிருப்பீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான். அன்று சனிக்கிழமை.

அடுத்த வெள்ளியும் மோவாய் வரை ஏறியது. இந்த முறை அவர் எழவில்லை. பயத்தில் பல் கிட்டித்தாலும் பாதத்தை மட்டும் மெல்ல இழுத்து, முழங்காலை மடக்கி, எதிரே இருப்பதற்கு இடம் விட்டார். ஒரு பத்து நிமிடம் அப்படியே இருந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் வலி இடுப்பில் இல்லை.

மூன்றாம் வெள்ளி காலை பாசார் பக்கம் ஆள் அனுப்பிச் சீயக்காயும் நல்லெண்ணெயும் வாங்கி வரச் செய்தார். எண்ணெயைச் சூடாக்கி இரண்டு மிளகு போட்டு டப் விளிம்பில் வைத்தார். சிவப்புக் கோடு, நீலக் கோடு எதையும் பார்க்கவில்லை. பவுனம்மாள் குள்ளம், இருந்தாலும் கழுத்து வரை வேண்டும் என்று விளிம்பு தட்டத் தட்ட சுடுதண்ணீர் விட்டார். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, பேப்பர் இல்லாமல் வெறுங்கையோடு கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பவுனு, ஆறடி இருக்கு" என்றார் கதவிடம். "நான் பொய் சொல்லிட்டேன். டேப்பு கையில இருந்துச்சு."

உள்ளே தண்ணீர் அசைந்தது. கதவுக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பாக வழிந்து வந்து அவர் பாதத்தை நனைத்தது.

ராஜேஸ்வரி ஓடி வந்தாள். "அப்பா, குழாயை மூடலையா? உள்ள யாரு?"

அவள் கதவைத் தொடுமுன் கையைப் பிடித்துக்கொண்டார். "இரும்மா. இருபது நிமிசம் ஆகட்டும்."

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். சீயக்காய் வாசனை அவளுக்கும் எட்டியிருக்க வேண்டும். அப்பாவின் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

இருபது நிமிடமாயிற்று. பக்கிரிசாமி தடியை ஊன்றி எழுந்தார். தோளில் உலர்ந்த துண்டு, நீட்டத் தயாராக இரண்டு கை. 'என்னங்க, வந்து தூக்கி விடுங்க' என்ற குரலுக்காகக் காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தார். இந்தத் தடவை முதல் கூப்பாட்டுக்கே போய்விட வேண்டும்.

யாரும் கூப்பிடவில்லை. தண்ணீரிலிருந்து ஒரு உடம்பு நிதானமாக, எங்கும் தடுமாறாமல் தானாக எழுந்து நிற்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பக்கிரிசாமி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.