அட்டென்ஷன் ஏட்டு

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நம் ஏட்டுக்குத் தொட்டிலில் என்ன பழக்கம் இருந்ததோ தெரியாது. பட்டாளத்தில் பிடித்த பழக்கம் மட்டும் போலீஸ் உடுப்பு மாட்டிய பிறகும் அவரை விடவில்லை. யாராவது அடிவயிற்றிலிருந்து ஓர் அதட்டுப் போட்டால் போதும், குதிகால் இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். மூளைக்குச் சேதி அப்புறம்தான் போகும்.

ஊரையே அழவைத்துக்கொண்டிருந்த சைக்கிள் திருடனை ஒருநாள் கடைத்தெருவில் கையும் களவுமாகப் பிடித்தார். காலரைக் கொத்தாகப் பற்றித் திருப்பியவருக்குப் பகீரென்றது. பட்டாளத்தில் தனக்கு நிற்கவும் நடக்கவும் கற்றுக்கொடுத்த டிரில் வாத்தியார்! அதே முறுக்கு மீசை, நரைத்திருந்தது, அவ்வளவுதான்.

"அட்டென்ஷன்" என்றார் வாத்தியார்.

ஏட்டின் கை காலரை விட்டுவிட்டுத் தொடையோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு நிமிர்ந்தது. வாத்தியார் நிதானமாகச் சைக்கிளில் ஏறி, மணியடித்துக்கொண்டே போனார். கடைத்தெரு வாயைப் பிளந்து பார்த்தது.

"அவன் போய்ட்டான், ஐயா. மூச்சு விடுங்க" என்றாள் மீன்காரி.

சாயங்காலத்துக்குள் 'அட்டென்ஷன் ஏட்டு' என்று பட்டமே கட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு தடவை அந்த ஆளை விட்டுட்டு வந்தே, உடுப்பைக் கழட்டி வச்சிட்டுப் போய்க்கிட்டே இரு."

வீட்டில் மகள் நர்ஸ் படிப்பில் பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். மனைவி தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் ஒரு வழி சொன்னாள். "காதுல விழுந்தாதானே காலு கேக்கும்? இந்தாங்க, பஞ்சு."

இரண்டு காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு ஏட்டு ரயில் நிலைய சைக்கிள் கொட்டகைக்குப் போனார். வாத்தியார் அங்கே ஒரு பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நல்லா எண்ணெய் போட்டுத் துடைத்த சைக்கிள். மற்றதைத் தொடமாட்டார், திருட்டிலும் ஒழுங்கு. ஏட்டைப் பார்த்ததும் வாய் திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஏட்டுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் அந்த மீசை இரண்டு பக்கமும் விறைத்து மேலே ஏறியதைக் கால் பார்த்துவிட்டது.

டக்.

நின்ற இடத்திலேயே ஏட்டுக்குக் கண்ணீர் முட்டியது. திருடன் போகப்போகிறான், வேலை போகப்போகிறது, மகள் படிப்பு போகப்போகிறது. இந்தப் பாழாய்ப்போன கால் மட்டும் அசையமாட்டேன் என்கிறது.

வாத்தியார் பூட்டைத் திறந்து பெடலில் கால் வைத்தவர், போகவில்லை. ஏட்டின் தொப்பி கோணியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு போக அவரால் முடியுமா? ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து தொப்பியை நேராக்கினார். அப்போதுதான் பஞ்சு கண்ணில் பட்டது. பிடுங்கினார்.

"என்னடா இது?"

"நீங்க போடற உத்தரவு கேக்கக் கூடாதுன்னு, ஐயா."

"அழறியா?"

"உங்களை விட்டா வேலை போயிடும். பிடிக்கலாம்னா கை வரமாட்டேங்குது."

வாத்தியார் பூட்டைப் பார்த்தார். "சீட்டாட்டம்டா" என்றார், கேட்காத கேள்விக்கு. "பென்ஷன் வந்த அன்னைக்கே கரைஞ்சிடுது."

பிறகு மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு குரலை உயர்த்தினார்.

"விலங்கை எடு."

எடுத்தார்.

"மாட்டு."

மாட்டினார்.

"ஸ்டேஷனுக்கு நட. லெப்ட், ரைட்."

விலங்கு போட்ட திருடன் தாளம் சொல்ல, பக்கத்தில் போலீஸ்காரர் கைவீசி நடந்ததை ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஸ்டேஷன் வாசலில் இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. லாக்கப் கதவருகே வாத்தியார் "ஹால்ட்" என்றார். விலங்கைக் கழற்றச் சொல்லி, தானே குனிந்து உள்ளே போனார்.

"சபாஷ். போய் உட்காருய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு அசையவில்லை.

"என்னய்யா, இன்னும் விறைச்சுக்கிட்டு?"

"கலையச் சொல்லலை, ஐயா."

இன்ஸ்பெக்டர் கம்பிக்குள் பார்த்தார். "சொல்லித் தொலைய்யா."

வாத்தியார் வாயைத் திறந்தார். மைதானத்தின் மறுகோடி வரை கேட்ட குரல் அது, வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மத்தியானம் வரை ஏட்டு அங்கேயே நின்றார். கால்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வாத்தியாரை அப்படி விட்டுவிட்டு உட்கார அவருக்கு மனசு வரவில்லை.