மான்கள் வெட்டிய பங்கர்

1995ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசிக் கிழமை, ரொறன்ரோவுக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் ஒரு புல் ஓடுபாதையின் ஓரத்தில் மான்கள் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டி முடித்தன. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு வெட்டியிருந்தது போலவே, குண்டுச் சிதறல் நேரே உள்ளே வராதபடி 'ட' வடிவத்தில் வெட்டி, மேலே மரக்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்ணும் போட்டிருந்தன. ஓடுபாதையின் சொந்தக்காரரான வயதான வெள்ளைக்காரர், மான் மண் வெட்டாது என்று கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். பிறகு, இறங்கி ஓடும் விமானத்தின் சில்லு உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று பக்கத்தில் ஒரு சிவப்புக் கொடியை நட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

அந்த மான்கள் குண்டுக்குப் பயப்படுவதுபோலப் பயந்தது கிறிஸ்துநாயகத்தின் விமானத்துக்கு மட்டும்தான். அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் வீடு. வேலைத்தலத்து நண்பர்கள் மூன்று பேரோடு பங்கு போட்டு, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு பழைய விமானத்தை வாங்கியிருந்தார். "பிளேனுக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து பிளேன் ஓட்டுது" என்று கட்டடம் முழுக்க நக்கலடித்தது. மனைவி மக்டலீன் அந்த விமானத்தை ஒரு தரம்கூடப் பார்க்க வந்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் தனியாகப் பறந்து போய், அந்த ஓடுபாதைக்குப் பக்கத்து ஏரியில் மீன் பிடித்துக்கொண்டு வருவார்.

காட்டு ஓடுபாதைகளில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முன் ஒருமுறை தாழப் பறந்து, பாதையில் மேயும் மான்களைக் கலைத்துவிட வேண்டும். மற்ற விமானிகள் அப்படிப் பறந்தால் மான்கள் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. கிறிஸ்துநாயகம் பறந்தால் குப்புறப் படுத்தன. முன்னங்கால்களை மடித்து ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், வாயில் ஆளுக்கொரு குச்சியைக் கடித்துக்கொண்டு படுத்தன. குண்டு போடுகிற நேரத்தில் இப்படித்தான் படுக்க வேண்டுமென்று ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதன்முதல் அதைக் கண்ட அன்று அவருக்குத் தூண்டிலைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மக்டலீன் ஆச்சரியப்படவில்லை.

"எத்தினை நிண்டது?"

"பதினேழு. ஒண்டுக்கு வலக்காது கிழிஞ்சு கிடக்கு. பக்கத்தில சின்னக் குட்டியொண்டு."

மக்டலீன் தன் வலக்காதைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய தங்கை அருள்மலருக்குச் சின்ன வயதில், கோயில் பெருநாள் நெரிசலில் தோடு இழுபட்டு வலக்காது கிழிந்தது. அருள்மலரும் அவளுடைய நாலு வயது மகளும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள். போன் இல்லை. கடிதம் வந்து ஐந்து மாதமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கணவனை விமானத்துக்குத் துரத்தியவள் மக்டலீன்தான். திரும்பி வந்து அவர் சப்பாத்தைக் கழற்றுமுன், "காது கிழிஞ்சவள் நிக்கிறாளோ?" என்று கேட்பாள். நின்றாள். ஆனால் மான்களின் எண்ணிக்கை பதினேழு பதினான்காகி, ஒன்பதாகியது. செத்த மான் ஒன்றுகூட எங்கேயும் கிடக்கவில்லை.

"இனிப் போகமாட்டன். நான் போகப் போகத்தான் குறையுது" என்றார் கிறிஸ்துநாயகம். அவருக்குத் தன் விமானத்தின் சத்தமே அருவருத்தது.

"நீங்கள் போகாட்டி, அவள் உயிரோட இருக்கிறாளோ எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

ஒக்டோபர் முப்பது, திங்கட்கிழமை. இராணுவம் நெருங்க, ஊரே யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடுகிறது என்று தமிழ் வானொலி சொன்னது. கிறிஸ்துநாயகம் வேலைக்குச் சுகமில்லையென்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். மக்டலீனும் செபமாலையோடு போய் விமானத்தில் ஏறினாள். யாழ்ப்பாணத்தில் இப்போது இரவென்று விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள்.

காட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே மான்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மேயாமல், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. எட்டு மான்கள். காது கிழிந்தது அதில் இல்லை. கிறிஸ்துநாயகம் தேடித் தேடி வட்டமடித்தார். மூன்றாவது வட்டத்தில், சிவப்புக் கொடிக்குக் கீழே, பங்கர் வாசலில் அந்தத் தலை தெரிந்தது. விமானம் கிட்ட வர உள்ளே போனது, தள்ளிப் போக வெளியே வந்தது.

"இஞ்சாருங்கோ, சத்தத்தை நிப்பாட்டுங்கோ. நாங்கள் சுத்துற வரைக்கும் அவள் வெளிக்கிட மாட்டாள்."

"நிப்பாட்டினா இந்த உயரத்தில திருப்பி எழும்பேலாது. மான் குறுக்க வந்தா எல்லாரும் முடிஞ்சுது."

"நிப்பாட்டுங்கோ."

அவர் என்ஜினை நிறுத்தினார். காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஈரப் புல்லில் விமானம் சறுக்கிக்கொண்டு போய், கொடிக்குப் பத்தடி முன்னால் நின்றது. மான் வெளியே வந்து, மக்டலீனைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு, மற்றவை போன வழியே போனது. மக்டலீன் கூப்பிடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மார்ச் மாதம் வன்னியிலிருந்து கடிதம் வந்தது. "முப்பதாந் திகதி இரவு, பங்கருக்கு மேல சுத்திக்கொண்டு நிண்ட சத்தம் சட்டெண்டு நிண்டிட்டுது அக்கா. அந்த இடைவெளிக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்தோட சனமாப் போயிட்டன்" என்று அருள்மலர் எழுதியிருந்தாள்.

மே மாதம் ஓடுபாதைக்காரர் போன் எடுத்தார். முப்பது மைல் தள்ளி, இன்னொரு ஓடுபாதையில் மான்கள் திரும்பவும் வெட்டத் தொடங்கிவிட்டனவாம். இந்த முறை இரண்டு பங்கர்களாம், முந்தியதைவிட ஆழமாம். மக்டலீன் செபமாலையை எடுத்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டாள். கிறிஸ்துநாயகம், என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவதற்காக, கொடிகளை எந்தப் பக்கத்தில் நடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.