ரெண்டு ஸீட்டு மோட்டார்

முத்துக்குமாரசாமி மோட்டார் வாங்கிவிட்டான் என்று தென்காசியில் தெரு முழுக்கப் பேச்சாக இருந்தது. ஆனால் அந்த மோட்டார் வந்து சேர்ந்தபோது இரண்டு காளைகள் அதை இழுத்துக்கொண்டு வந்தன.

குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர், சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன வண்டி அது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம். நீண்ட மூக்கு, தரையோடு தாழ்ந்த உடம்பு, ஒரே ஒரு கதவு. பங்களாத் தோட்டத்துப் பலா மரத்தடியில் சாரலிலும் மழையிலும் நனைந்து கிடந்ததில் பெயிண்ட் பொருக்குத் தட்டி, சொறி பிடித்த நாய் மாதிரி வந்து நின்றது. ஸீட்டுக்குள்ளிருந்து ஒரு ஓணான் எட்டிப் பார்த்தது.

அப்பா பால்வண்ணநாத பிள்ளை வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏலே, இதுல எத்தன பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேருப்பா."

"நம்ம வீட்டுல எத்தன பேரு?"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். நடைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி சொக்கம்மாளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்த வீட்டில் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் குடும்பம், நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள். இத்தனை பேர் இருக்கும்போது ரெண்டு ஸீட்டு மோட்டாரை ஒரு மனுஷன் எதை நினைத்து வாங்கினான்? கேட்கலாம்தான். எப்போது கேட்பது? கல்யாணமாகி நாலு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவனோடு அவள் சேர்ந்தாற்போலப் பத்து வார்த்தை பேசியது கிடையாது. ராத்திரி அடுப்படி ஒழிந்து அவள் படுக்க வரும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான்.

"சீசனுக்கு வர்ற பெரிய எடத்துப் பிள்ளைக இந்த மாதிரி வண்டிக்கு உசுர விடுதாங்கப்பா. பெயிண்டு அடிச்சு வித்தா நல்ல வெலைக்குப் போகும்" என்றான் முத்துக்குமாரசாமி.

"சரி, வித்துத் தொலை. ஆனா வீட்டுக் காசு ஒரு தம்பிடி இதுல எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

வண்டிப்புரையில் வில்வண்டியை ஓரம் தள்ளிவிட்டு மோட்டாரை நிறுத்தினார்கள். கடையநல்லூர்க்காரர் கிதிர் முகம்மது வந்து பார்த்தார். பஸ் கம்பெனி ஒன்றின் ஷெட்டில் மெக்கானிக். மூடியைத் திறந்து இரண்டு நாள் குடைந்து, மூன்றாம் நாள் எஞ்சினை உறும வைத்துவிட்டார்.

"உசுரு நல்லாருக்கு அண்ணாச்சி. தோலுதான் போச்சு" என்றார். "பெயிண்டு நான் அடிச்சுத் தாரேன். தேய்ப்பு உங்க பாடு. நிக்காஹ் ஒரு நாழி வேலை, அதுக்கு முன்னால அலையுத அலைச்சல்தான் கல்யாணம். இதுவும் அப்படித்தான்."

முத்துக்குமாரசாமி தேய்க்க ஆரம்பித்தான். உவர்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, ஊறிய பெயிண்டைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டினான். கறுப்புக்கு அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் மஞ்சள் வந்தது. கையிலும் கொப்புளம் வந்தது. சாப்பாட்டைப் பிசைய முடியாமல் அவன் விரலை உதறுவதை மாமியார் பேராச்சி பார்த்துவிட்டாள்.

"ஏட்டி சொக்கு, மத்தியானம் நீ போயித் தேய்ச்சுக் குடு. ஏனம் தேய்க்கிற கைதான, காப்புக் காச்சிக் கெடக்கும்."

சொக்கம்மாளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. புருஷனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் தெருவே வாயில் கை வைக்கும். புருஷனோடு உட்கார்ந்து தேய்த்தால் அது வேலை. வேலையை யார் குறை சொல்வார்கள்?

முதல் நாள் இருவரும் வண்டியின் மூக்குக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று உப்புத்தாளால் தேய்த்தார்கள். வெகுநேரம் சரக் சரக் என்ற சத்தம் மட்டும்தான். பிறகு அவள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"வட்டமாத் தேய்க்காதீக. கோடு விழுது. நீளவாக்குல தேயுங்க."

"சரி."

"அந்தப் பலா மரத்தடியில கெடந்த சவத்தைப் போயி எதுக்கு வாங்குனீக?"

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். "நீ நல்லாத் தேய்க்குத" என்று மட்டும் சொன்னான். அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம், சிரிப்புத்தான் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. அவனுக்கு அருவியில் தலை கொடுக்கப் பயம், சின்ன வயதிலிருந்தே ஓரமாக நின்று நனைந்துவிட்டு வருகிறவன் என்பது அவளுக்குத் தெரிய வந்தது. அவள் அப்பா வீட்டில் இருந்தபோது கிணற்றில் குதித்து நீச்சலடித்தவள் என்பது அவனுக்குத் தெரிய வந்தது. ஒருநாள் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வயலுக்குக் கட்டிக் குடுக்க சோத்துல தெனமும் நார்த்தங்கா வைக்கியே, உனக்கு அது அவ்வளவு பிடிக்குமோ?"

"எனக்கா? எனக்கு அந்த வாடையே ஆகாது. உங்களுக்கு உசுருன்னு அத்தைல்லா சொன்னாக!"

"எனக்கும் ஆகாது. நீ ஆசையா வைக்கன்னு முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

நாலு வருஷத்து நார்த்தங்காய். இருவரும் வண்டியின் மேல் சாய்ந்து சிரித்த சிரிப்பில், பேராச்சி புறவாசலிலிருந்து, "அங்கன என்ன சத்தம்?" என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்ல அத்த, துரு கொட்டுது!" என்றாள் சொக்கம்மாள்.

தகரம் வெளுத்து வந்ததும், குழி விழுந்த இடங்களில் சீமைச்சுண்ணாம்புப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து மக்கு வைத்தார்கள். அதன்மேல் கிதிர் முகம்மது துரு ஏறாமலிருக்கச் செவ்வண்ணப் பூச்சு ஒன்று பூசினார். மேல் பெயிண்டுக்கு முன்னால் அதையும் பட்டுப் போலத் தேய்க்க வேண்டும் என்றார். வாங்கிய உப்புத்தாள் தீர்ந்துவிட்டது. சொக்கம்மாள் மலையடிவாரத்திலிருந்து விறகு கொண்டுவரும் உலகம்மாளிடம் சொல்லி ஒரு கட்டுப் பராய் இலை வாங்கினாள். பூனை நாக்குப் போலச் சொரசொரக்கும் இலை. பால் சட்டி தேய்க்க எல்லா வீட்டிலும் வைத்திருப்பதுதான். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பூச்சு மழமழவென்று வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராயகிரிப் பக்கத்திலிருந்து சங்கரபாண்டி என்ற பண்ணையார் மகன் வந்தான். வண்டியைப் பார்த்தான், எஞ்சின் சத்தத்தைக் கேட்டான், உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்துப் பார்த்தான். எழுந்திருக்க மனசே இல்லை அவனுக்கு.

"பெயிண்டு அடிச்சதும் சொல்லி விடுங்க. அன்னைக்கே எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீடு சந்தோஷப்பட்டது. சொக்கம்மாள் அன்று மத்தியானம் இலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பெயிண்ட் அடித்தால் வண்டி போய்விடும். வண்டி போனால் இந்த மத்தியானமும் போய்விடும்.

அவள் இடது மட்கார்டைத் தடவினாள். வழவழவென்றுதான் இருந்தது.

"இங்கன லேசா ஒரு மேடு தட்டுது" என்றாள்.

அவன் வந்து தடவிப் பார்த்தான். "ஆமா, தட்டுது" என்றான். பிறகு கதவைத் தடவினான். "இங்கனயும் ஒரு மாதிரி இருக்கு."

கிதிர் முகம்மது பெயிண்டோடு வந்தார். பஸ் கம்பெனி முதலாளியிடம் கேட்டு வாங்கிய மிச்சங்கள். டின் அடியில் கிடந்த நீலமும் பச்சையும். இரண்டையும் கலந்தால் மயில் கழுத்து நிறம் வரும், ஒரு வண்டிக்குத்தான் காணும் என்றார். இன்னும் தேய்ப்பு முடியவில்லை என்று சொல்லி, டின்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வந்தபோதும் முடியவில்லை என்றார்கள். அவர் மட்கார்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தார்.

"தாயி, இதுக்கு மேல தேய்ச்சா அந்தப் பக்கம் ஆளு தெரியும்" என்று சொல்லிவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

அந்த வாரமே மேற்கே மலை கறுத்தது. கணவாய்க் காற்று ஊரைத் தூக்க, சாரல் முன்கூட்டியே இறங்கிவிட்டது. புரைக்குள் தண்ணீர் ஒழுகவில்லை. ஆனால் காற்றே ஈரமாக இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் இடது மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு பூத்திருந்தது. கதவில் இன்னொன்று. பூச்சு தேய்ந்து தகரம் வெளியே தெரிந்த இடங்கள்.

"இது நான் தேய்ச்சது" என்றாள் சொக்கம்மாள், தலையைக் குனிந்துகொண்டு. "மேடும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சும்மாதான் தேய்ச்சேன்."

"கதவு நான் தேய்ச்சது" என்றான் அவன். "நானும் சும்மாதான்."

தென்காசியில் இனி பெயிண்ட் காயாது. கீழப்பாவூரில் அவர்களுக்குக் களத்து வீடு ஒன்று இருந்தது. கிழக்கே அங்கே சாரல் எட்டாது, வெயில் சுள்ளென்று அடிக்கும். வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போய் ஒட்டுப் போட்டுப் பூசிவிடலாம் என்றான் முத்துக்குமாரசாமி. பெயிண்ட் டின்களைச் சாயாமல் மடியில் பிடித்துக்கொள்ள மட்டும் ஒரு ஆள் வேண்டும்.

"வேற யாரு, நான் வாரேன்" என்றாள் பேராச்சி. அந்த ஊர் நரசிம்மர் கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு என்று புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து, இரண்டு பேர் கைத்தாங்கலில் வண்டிக்குள் இறங்கினாள். முத்துக்குமாரசாமி எஞ்சினை முடுக்கினான். அது பந்தய எஞ்சின். உறுமிய உறுமலில் காளைகள் கட்டுக் கயிற்றை அறுத்தன.

"ஏ ஆத்தாடி! ஏலே நிறுத்துலே! அடிவயித்தப் பெசையுது! என்னை எறக்கி விடுங்கலே!" என்று பேராச்சி இரண்டு கையையும் தூக்கினாள். இறக்கிவிட்டார்கள். கொழுந்தன்மாரைப் பார்த்தார்கள். செவ்வண்ணமும் மக்கும் திட்டுத் திட்டாகத் தெரிகிற வண்டியில் கடைத்தெரு வழியாகப் போக அவர்களுக்கு வெட்கம். கடைசியில் பால்வண்ணநாத பிள்ளையே சொன்னார்:

"தேய்ச்சவளே போகட்டும்."

சொக்கம்மாள் டின்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

ஊர் தாண்டியதும் சாரல் பின்தங்கியது. முகத்தில் காற்று அறைந்தது. ஆட்டுக்கிடை ஒன்று சிதறி ஓடியது. வாய்க்கால் கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். சொக்கம்மாளுக்கு உள்ளே ஏதோ பறந்தது. சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டாள்.

"அப்பவே செங்கோட்டையில நாலு பேரு உக்காருத வண்டி ஒண்ணு வெலைக்கு வந்துச்சுன்னு மாமா சொன்னாகளே! அதை ஏன் வாங்கல?"

"வாங்கிருக்கலாம்!"

"பெறகு?"

"வாங்கிருந்தா நாலு பேரு ஏறிருப்பாங்கல்லா!"

ஒரு புளிய மரம் கடந்தது, இன்னொரு புளிய மரம் கடந்தது. அப்புறம்தான் விளங்கியது. விளங்கியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதை ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னா என்னவாம்?"

"எங்க வச்சுச் சொல்ல? நம்ம வீட்டுல பல்லி கூடத் தனியா இருக்க முடியாது!"

அவள் சிரித்த சிரிப்பில் ஒரு டின் மூடி தெறித்து, பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் சேலையில் சிந்தியது. அதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

கீழப்பாவூரில் துருவைச் சுரண்டி, ஒட்டுப்பூச்சுப் போட்டு, இந்தத் தடவை அளவாகத் தேய்த்தார்கள். கிதிர் முகம்மது பஸ் ஏறி வந்தார். ஒரு தூசி பறக்கவிடாமல் களத்தில் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாகத் தூரிகையை இழுத்தார். பெயிண்ட் கடைசி மட்கார்டு வரைக்கும் சரியாக வந்து தீர்ந்தது. காய்ந்து வெளியே தள்ளியபோது நிஜமாகவே மயில் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு களத்தில் நிற்பதாகத்தான் தோன்றியது.

சங்கரபாண்டி வந்து, சொன்ன விலைக்கு மறுவார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டான். வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போய்க் கண்ணுக்கு மறையும்வரை சொக்கம்மாள் களத்திலேயே நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் பால்வண்ணநாத பிள்ளை நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"ஏலே, அந்தச் செங்கோட்டை வண்டி இன்னும் அங்கனதான் கெடக்காம். போயிப் பாரு. தேறும்னா பிடிச்சுப் போடு."

முத்துக்குமாரசாமி இலையைப் பார்த்தபடி சொன்னான். "நான் மட்டும் போயிப் பிரயோசனம் இல்லப்பா. தகரம் தேறுமா தேறாதான்னு அவ கை வச்சுப் பாத்தாதான் தெரியும்."

ரசம் ஊற்ற வந்த சொக்கம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பேராச்சி மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பால்வண்ணநாத பிள்ளை ஒரு கவளத்தை மென்று முழுங்கினார்.

"அப்படீன்னா ரெண்டு பேருமாக் காலையில ரயிலுக்குப் போங்க" என்றார். "ரசத்தை ஊத்து தாயி, ஆறுது."

செங்கோட்டை வண்டி ஒரு மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் கிடந்தது. கூரையில் கோழி அடைந்திருந்தது. சொக்கம்மாள் குனிந்து, மட்கார்டின் அடியில் உள்ளங்கையை விட்டுத் தடவினாள். பொருபொருவென்று கைநிறையத் துரு கொட்டியது.

"எப்படி?" என்று கேட்டான் அவன்.

"ரொம்ப மோசம்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "தேய்ச்சு எடுக்க ஐப்பசி ஆயிரும்."