போகாதவனுக்கு ஒரு வழியனுப்பு விழா

ஆக்லாந்து ஏஜென்சிக்கு ஃபாக்ஸ் செய்ய வேண்டிய என் பயோடேட்டாவை எங்கள் லௌட்டோகா கிளைக்கு அனுப்பிவிட்டேன். மூன்று வருடமாகத் தினமும் காலையில் ஃபாக்ஸ் மெஷினின் முதல் பொத்தானை அமுக்கி லௌட்டோகாவிடம் சரக்கு விவரம் கேட்டுப் பழகிய விரல், அன்றைக்கும் அதையே அமுக்கியது. பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'வாழ்த்துகள் அருணாச்சலம், போட்டோ நன்றாக இருக்கிறது' என்று கிளை மேனேஜர் கமலேஷ் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். அதை மெஷினிலிருந்து எடுத்தது டைப்பிஸ்ட் ஆஷா. மதியச் சாப்பாட்டுக்குள் சுவா ஆபீஸ் முழுக்கப் படித்துவிட்டது.

இரண்டாயிரமாவது வருடம், ஜூலை கடைசி. மே மாதம் ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த கையோடு டவுன் கடைகளையும் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் ஹார்டுவேர் கடையில் கண்ணாடி இருந்த இடத்தில் பிளைவுட் அடித்திருந்தோம். நல்ல பிளைவுட். எங்கள் சரக்குதான்.

வாரத்துக்கு ஒருவராவது நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் பாஸ்போர்ட்டில் வீசா குத்தும்வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஸ்டோரில் இருந்த சஞ்சனா வெள்ளிக்கிழமை, நான் எங்கே போகப்போகிறேன் என்று சிரித்தாள். செவ்வாய்க்கிழமை சிட்னியிலிருந்து போன் செய்தாள். அதனால் ஒருவன் போகிறேன் என்றால் சந்தேகப்படுவார்கள், போகவில்லை என்றால் டிக்கெட் வாங்கிவிட்டான் என்று அர்த்தம். எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை என்று ஆஷாவிடம் சத்தியம் செய்தேன். அவர் கண் கலங்கிப்போய், எந்தத் தேதி என்று ஹிந்தியில் கேட்டார்.

நான் கரூர்க்காரன், காஸ்ட் அக்கவுண்டன்ட். எண்பத்தேழில் நடந்த முதல் கலகத்துக்குப் பிறகு ஃபிஜியில் கணக்குத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் ஓடிவிட்டதால்தான் எனக்கு இங்கே வேலை வந்தது. தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். காலி நாற்காலிக்கு அளவாக இருந்தேன். முதலாளி பொன்சாமி நவுசோரிக்காரர். அவருடைய பாட்டன் காலத்தில் கரும்பு வெட்ட மதராஸிலிருந்து கப்பலேறிய குடும்பம். போனில் என்னை இன்டர்வியூ செய்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: தமிழ் பேசுவியா? அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. அந்தக் கேள்வியில் நான் நூற்றுக்கு நூறு.

என் வேலை பர்மிட் ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் கம்பெனி ஒரு லெட்டர் கொடுக்க வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து ஐந்து முறை கேட்டுவிட்டேன். ஐந்து முறையும், ஆவட்டும் தம்பி, பாக்கலாம் என்று சொல்லி டீ வரவழைத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஆக்லாந்து, வெலிங்டன் என்று விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். பதினொரு பதில்கள் வந்தன. பதினொன்றும் ஒரே பாட்டு: உங்கள் தகுதி பிரமாதம், ஆனால் உள்ளூர் அனுபவம் இல்லையே. நியூசிலாந்துக்குள் விட்டால்தானே நியூசிலாந்து அனுபவம் வரும் என்று ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். நல்ல கருத்து, ஃபைலில் வைத்துக்கொள்கிறோம் என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வழியனுப்பு விழா. சாயங்காலம் ஊரடங்கு என்பதால் இரண்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். குடோனில், சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து, பெரிய மரச் சட்டியில் நங்கோனா கரைத்தார்கள். வேரை இடித்துத் தண்ணீரில் பிழிந்தது. குடித்தால் நாக்கும் உதடும் மரத்துப்போகும். எனக்கு அன்றைக்கு அது தேவைப்படவே இல்லை. எல்லாம் ஏற்கெனவே மரத்துத்தான் இருந்தது. கொட்டாங்கச்சியைக் கையில் கொடுத்தார்கள், கைதட்டிவிட்டுக் குடித்தேன். பேசச் சொன்னார்கள். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். பொன்சாமி என் கழுத்தில் சலுசலு என்கிற உள்ளூர்ப் பூமாலையைப் போட்டு, இவனைப்போல ஒரு பிள்ளை கிடைக்காது என்று தழுதழுத்தார். கம்பெனி சார்பில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். கிளம்புகிற எல்லோருக்கும் அதே நீலப் பெட்டிதான். மலிவாக மொத்தமாக வாங்கி வைத்திருந்தார்கள். ஆஷா சொந்தக் காசில் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெட்டினேன்.

வீட்டில் என் மனைவி நாகலட்சுமி மாலையையும் பெட்டியையும் பார்த்தாள்.

"வேலை கிடைச்சிருச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு மாலையை வாங்கிப் போட்டுக்கிட்டீங்க?"

"நான் எங்க போட்டேன்? அவங்களாப் போட்டாங்க."

அவள் மாலையைக் கழற்றி, பூ வாடாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைத்தாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் தர்ற டீயைக் குடிக்காம, பர்மிட் உண்டா இல்லையான்னு கேட்டுட்டு வாங்க. ஊருக்குத்தான் போகணும்னா ஊருக்குப் போவோம். இந்தத் தொங்கல் என்னால முடியல."

திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு மணிக்கு ஆபீஸ் போனேன். என் நாற்காலியில் ஸ்டோர் கிளார்க் ரவ்னீல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து, ஃபிளைட் ரத்தாகிவிட்டதா என்று பதறி எழுந்தான். உட்கார் என்று சொல்லிவிட்டு நேராகப் பொன்சாமியின் அறைக்குப் போனேன். டீ சொல்ல மணியில் கை வைத்தார். வேண்டாமென்று சொல்லி, பதினொரு கடிதங்களையும் மேஜைமேல் வைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு படித்தால் போதும், மீதியும் அதேதான் என்றேன். கேட்கவில்லை. பதினொன்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தார். வெளியே யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நெசமாவே ஒண்ணுமில்லியா தம்பி?"

"ஒண்ணுமில்லைங்கய்யா. நீங்க பர்மிட்டுக்கு லெட்டர் குடுப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் கடிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என் பக்கம் நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கடல் தாண்டி ஒன்னைக் கூப்புட்டவன் நானு. போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீயாப் போறேன்னு ஆனதும், அப்பாடான்னு இருந்துச்சு." கண்ணாடியை மடித்து மேஜைமேல் வைத்தார். "பிரிஸ்பேன்ல மவன் பிரனேஷ் கூப்புட்டுக்கிட்டான். எனக்கு வீசா வந்து ரெண்டு மாசம் ஆவுது. அடுத்த மாசம் கடையை மூடுறேன். ஒனக்குக் காயிதம் குடுக்க மாட்டேன் தம்பி."