ரூபனைத் தூக்கிப் போன வழி

செத்தவனைத் தோளில் சுமந்து ஒருமுறை ஒரு நிலத்தைக் கடந்துவிட்டால் போதும், அந்த வழியை அப்புறம் எந்தக் கொம்பனாலும் அடைக்க முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் இதை நம்பினோம். யார் போட்ட சட்டம், எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. சந்தேகப்பட்டவரும் கிடையாது. பாதிரியாரே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

விண்டர்காம் ஊர் மேட்டில் இருக்கிறது. எங்கள் மார்ஷெண்ட் கீழே, சதுப்பு ஓரத்தில் கொஞ்சம் வீடுகள். நடுவில் ஒரே ஒரு மேய்ச்சல் நிலம். குறுக்கே நடந்தால் பையன்கள் பாட்டு ஒன்று பாடி முடிப்பதற்குள் போய்விடுவார்கள். ரோட்டில் போனால் சதுப்பைச் சுற்றி, குன்று ஏறி, மூன்று மைல். கடை, பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், பெர்சி ஹாலட்டின் மதுக்கடை, தேவாலயம், கல்லறைத் தோட்டம் எல்லாமே அந்தப் பக்கம். எங்கள் பக்கம் ஈரம் மட்டும்தான்.

பழைய பண்ணையார் குடும்பம் எங்களை நடக்க விட்டிருந்தது. ஆனால் வருஷத்தில் ஒருநாள் வேலிக்கதவைப் பூட்டி வைப்பார்கள். நடந்து போ, ஆனால் நிலம் என்னுடையது என்று காட்டுவதற்கு. பிணத்தை மட்டும் அந்த வழியாக விடவே மாட்டார்கள். எங்கள் வீட்டுச் சாவெல்லாம் வைக்கோல் வண்டியில் ரோட்டைச் சுற்றித்தான் போனது. அவர்களும் நம்பினார்கள், பாருங்கள்.

யுத்தத்துக்குப் பிறகு அவர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போனார்கள். கேப்டன் லாவெரிங் வாங்கினார். ஆள் குதிரை வளர்ப்பவர். நாங்கள் நடந்தால் குட்டிகள் மிரளுகின்றனவாம். வந்த மறுவருஷமே கம்பி வேலி போட்டு, கதவுக்குப் பூட்டும் தொங்கவிட்டார். சண்டை போடலாம் என்று போனால் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். கத்துகிற மனுஷனிடம் பதிலுக்குக் கத்தலாம். டீ கொடுக்கிறவரை என்ன செய்வது? அவரிடம் எனக்குப் பிடிக்காததே அந்த நல்ல குணம்தான்.

வேலியால் எல்லாருக்கும் கஷ்டம். ஆனால் அடுத்த வீட்டு லெட்டி பாஸ்கத்துக்கு விழுந்த அடி வேறு யாருக்கும் விழவில்லை. அவளுக்கு ஒரே ஒரு பெண் பிறந்தது. நெல் என்று பெயர். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷமே தொண்டை அடைப்பான் வந்து போய்விட்டது. தேவாலயத்தின் வடக்குச் சுவரோரம் புதைத்தார்கள். அதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லெட்டி அங்கே போவாள். பூ இல்லாத காலத்தில் ஹோலி என்கிற முள்ளிலைச் செடியின் கொத்தாவது கையில் இருக்கும். இடுப்பு எலும்பு தேய்ந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பாள். அவளுக்கு அந்த மேய்ச்சல் நிலத்தைத் தாண்டுவதே பெரிய பாடு. மூன்று மைல் ரோடு நடக்கிற காரியமே இல்லை. ரொட்டி வண்டிக்காரன் இரண்டு தடவை ஏற்றிக்கொண்டு போனான். பிறகு அவனுக்கும் வேறு வேலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கும்போது அவள் பின்கட்டு ஜன்னலில் தொப்பியோடு நிற்பாள். 

அந்த பிப்ரவரியில் அவள் புருஷன் ரூபன் நெஞ்சுச் சளி கட்டிச் செத்துப்போனார். அன்று சாயங்காலமே பெர்சி ஹாலட் வந்துவிட்டான். மதுக்கடைக்காரன் மட்டுமில்லை, ஊர்ச் சபைத் தலைவனும் அவன்தான். முன்னறையில் ரூபன் படுத்திருக்க, அடுக்களையில் நாங்கள் மூன்று பேர். பெர்சி தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"லெட்டி, இதைக் கேக்கவே எனக்குக் கூசுது" என்றான்.

"கூசினா கேக்காத. கெளம்பு" என்றேன் நான்.

"டோரா, உன் வாயைக் கொஞ்சம் மூடிட்டு இரேன். லெட்டி, இந்த வருஷம்தான் பொது வழி எது எதுன்னு மேப்புல குறிச்சுக் கொடுக்கச் சொல்லிக் கவர்மெண்டுல கேட்டிருக்காங்க. இப்ப விட்டா இனி கெடையாது. ரூபனை நாங்க மேய்ச்சல் நிலத்து வழியா தூக்கிட்டுப் போறோம். வேலியை வெட்டிட்டுப் போறோம். அதுக்கப்புறம் கேப்டன் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது."

லெட்டி கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்படிப் போனா நான் ஞாயித்துக்கெழமை போலாமா?"

"நீ மட்டுமா? ஊரே போகும்."

"ஊரு போகட்டும் பெர்சி. நான் போலாமான்னு கேக்கறேன்."

"உன்னை ஒருத்தனும் தடுக்க முடியாது."

"அப்ப தூக்கிட்டுப் போங்க" என்றாள். "அந்த மனுஷன் உயிரோட இருந்தப்ப சொன்ன வேலை ஒண்ணும் செஞ்சதில்ல. இதையாவது செய்யட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பெர்சி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடக்கத்தன்று காலையில் மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஆறு பேர் பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் கோட்டுக்குள் கம்பி வெட்டுகிற குறடை மறைத்து வைத்திருந்தார். பெர்சி ஒவ்வொருவரிடமும் போய்க் காதோடு சொன்னான்: "அந்தாளு வந்தா கெஞ்சக் கூடாது, கேக்கவும் கூடாது. வாயே தெறக்காம நேரா நடங்க." எல்லாரிடமும் சொன்னான், லெட்டியைத் தவிர. புருஷனைப் புதைக்கப் போகிறவளிடம் போய் வாயை மூடிக்கொள் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

வேலிக்கதவை நெருங்கினால், அங்கே கேப்டன் நிற்கிறார். தலையில் தொப்பி இல்லை. பனி விழுந்து முடியெல்லாம் நனைந்திருந்தது. எங்களைக் கண்டதும் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவை அகல இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். சண்டைக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தவர்களுக்குக் கால் தடுமாறிவிட்டது. ஆல்பர்ட் குறடை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார். பெட்டி உள்ளே போனது. பின்னால் பெண்கள் போனோம். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு லெட்டி. கதவருகே வந்ததும் நின்று, நிமிர்ந்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள்.

"என் ஆழ்ந்த அனுதாபங்கள், மிஸஸ் பாஸ்கம்" என்றார் அவர்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உறைக்க என்ன இருக்கிறது? நாங்கள் பஸ் கண்டக்டர் சில்லறை கொடுத்தாலும் நன்றி சொல்வோம். எங்கள் காலை எவனாவது மிதித்தால் நாங்களே அவனிடம் மன்னிப்புக் கேட்போம். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷனைத் தாண்டி வாய் திறக்காமல் போவதற்கு நாங்கள் என்ன மாடா?

ரூபனை மகள் நெல்லுக்குப் பக்கத்தில் இறக்கினோம். அப்புறம் பெர்சி கடையில் பன்றித் தொடைக்கறி, டீ, பீர். பெர்சி கோப்பையைத் தூக்கி, "ரூபன் தொறந்த வழி!" என்று கத்தினான். எல்லாரும் கத்தினார்கள். லெட்டி என் காதோரம் சாய்ந்து, "ஞாயித்துக்கெழமைக்குள்ள பனித்துளிப் பூ வந்துரும்ல?" என்று கேட்டாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பல வருஷம் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவில் பூட்டுத் தொங்கியது.

உடைத்துவிடலாம் என்றார் ஆல்பர்ட். பெர்சி விடவில்லை. பொது வழிகளை முடிவு செய்கிற விசாரணை வருகிறது, அதுவரை கை வைக்காதே என்றான். அந்த வாரமே கேப்டன் வீட்டு வேலைக்காரம்மா லெட்டியிடம் வந்தாள். மிஸஸ் பாஸ்கம் எப்போது வேண்டுமானாலும் அந்த வழியாகப் போகலாமாம், வந்து சாவியைக் கேட்டால் போதுமாம். லெட்டி தொப்பியை எடுக்கப் போய்விட்டாள். விஷயம் எப்படியோ மேட்டுக்குப் போய், பெர்சி சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"போயிராத லெட்டி! சாவியைக் கேட்டு வாங்கினா அது அந்தாளு போடற பிச்சை. கேக்காமப் போனாத்தான் நம்ம உரிமை. நீ ஒரு தடவை கேட்டாலும் கேஸ் போச்சு."

"எவ்வளவு நாள் பெர்சி?"

"அக்டோபர் வரைக்கும். கொஞ்சம் பொறுத்துக்க. எல்லாருக்காகவும்."

எல்லாருக்காகவும்! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். அவள் பொறுத்தாள். பனித்துளிப் பூ வந்து போனது, ப்ரிம்ரோஸ் வந்து போனது, ரோஜாவும் உதிர்ந்தது. நான் சைக்கிளில் போய் இரண்டு கல்லறையிலும் பூ வைத்துவிட்டு வருவேன். வந்ததும் கேட்பாள்: "மண்ணு எறங்கிருச்சா? நெல் பக்கம் புல்லு மொளைச்சிருச்சா?" நான் சொல்வேன். எவ்வளவு சொன்னாலும் அவளுக்குப் போதாது. கடைசியில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அக்டோபரில் ஊர்க் கூடத்தில் விசாரணை நடந்தது. கவுண்டி நிர்வாகத்திலிருந்து வந்த அதிகாரிக்கு ஜலதோஷம். பெர்சி பிணம் போன கதையை எடுத்தவுடனே அவர் கையைத் தூக்கினார். சவப்பெட்டியைத் தூக்கிப் போனால் பொது வழி ஆகும் என்று நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார். எங்கள் பாட்டன் முப்பாட்டன் நம்பியதைத் தும்மலோடு சேர்த்துச் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். 

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "நீங்க யாரையும் கேக்காம, எங்க வழின்னு சொல்லிப் போயி, நிலத்துக்காரரும் அதை ஒத்துக்கிட்டு ஒதுங்கியிருந்தா, அதை நான் கணக்குல எடுத்துக்கலாம்."

பெர்சிக்கு உயிர் வந்தது. "நாங்க கேக்கவே இல்லைங்க! ஒருத்தரும் வாயத் தெறக்கலை!"

கேப்டனின் வக்கீல் எழுந்து லெட்டியைக் கூப்பிட்டார். அவள் காலை இழுத்துக்கொண்டு போய் பைபிளில் கை வைத்தாள்.

"அன்னைக்கு கேப்டன் கேட்டைத் திறந்துவிட்டாரா?"

"ஆமாங்க."

"நீங்க அவர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

பெர்சி அவளையே பார்த்தான். ஊரே பார்த்தது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நன்றின்னு சொன்னேங்க."

"எதுக்கு?"

"தெறந்து விட்டாரே, அதுக்கு."

"உங்களுக்கு உரிமையுள்ள வழியில போறதுக்கு யாருக்காவது நன்றி சொல்வீங்களா, மிஸஸ் பாஸ்கம்?"

"எங்க அம்மா என்னை அப்படித்தான் வளத்தாங்க சார்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வரைபடத்தில் எங்கள் வழி ஏறவில்லை.

கேப்டன் அன்று கதவைத் திறந்தது மரியாதைக்கா, கணக்குப் போட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்குத்தான் என்று தெரிந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்ப்பேன்.

விசாரணை முடிந்ததும் மதுக்கடையில் பெர்சியைப் பிடித்துக்கொண்டேன். "ஒரே ஒரு வார்த்தை டோரா, மாத்திச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவன் முனகினான்.

"பைபிள் மேல கை வெச்சுப் பொய் சொல்லச் சொல்றியா? நீ போய்ச் சொல்லேன், உனக்குத்தான் நல்லா வருமே! செத்த பொணம் வழி தெறக்கும்னு அவகிட்டப் போய்ச் சொன்னது யாரு?"

அவன் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டான். ஊர் லெட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் யாரையும் ஒதுக்கிவைக்க மாட்டோம். பார்த்தால் காலை வணக்கம் சொல்வோம், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவோம். வீட்டுக்குள் மட்டும் கூப்பிட மாட்டோம். கிறிஸ்துமஸ் சீட்டாட்டத்துக்கு லெட்டிக்குச் சொல்ல எல்லாருக்கும் மறந்துபோனது.

டிசம்பரில் நெல்லின் பிறந்தநாள் வந்தது. "இனிமே கெட்டுப்போக என்ன இருக்கு? வா, சாவியைக் கேப்போம்" என்றேன். லெட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டாள். பெரிய வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். வேலைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். கேப்டன் தெற்கே தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், ஈஸ்டருக்குத்தான் வருவார், சாவி அவர் கொத்திலேயே போய்விட்டது என்றாள். முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"பரவாயில்லம்மா, நன்றி" என்றாள் லெட்டி. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் வேலிக்கதவருகே நின்றாள். அங்கிருந்து தேவாலயக் கோபுரம் தெரியும், வடக்குச் சுவர் தெரியாது. ஹோலிக் கொத்தைக் கம்பி இடுக்கில் சொருகப் பார்த்தாள். நிற்காமல் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன்.

"அவரு கூப்பிட்டப்பவே போயிருக்கலாம் டோரா" என்றாள். "கோடை முழுக்கப் போயிருக்கலாம். வாராவாரம் பாத்திருப்பேன், ரெண்டு பேரையும். ஊருக்காகன்னு இருந்துட்டேன். ஊருக்கும் ஒண்ணும் கெடைக்கல." பிறகு, "நான் போனா என்னை ரோட்டு வழியாவே கொண்டுபோங்க. இங்க வந்து யார்கிட்டயும் நிக்க வேண்டாம்" என்றாள்.

"பைத்தியம் மாதிரிப் பேசாத" என்று அதட்டினேன். 

ஜனவரி முடிவதற்குள் அவளும் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். பெட்டியை எடுக்கப் பெர்சி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. டவுனிலிருந்து கறுப்புக் கார் வந்தது. ரோட்டைச் சுற்றித்தான் போனோம். கார் என்பதால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.