பளிங்கில் ஏறிய ரசிகர்

கெய்ரோவில் எங்கள் இசை விடுதியின் வரலாற்றை வாசல் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள். "இங்கே சமையல்காரர்கூட இசைக்கு அடிமை" என்பது கடைசி வரி. அந்தச் சமையல்காரர் என் அப்பா இத்ரீஸ்.

பாடகி பஹீகா பாடி முடிக்கும்வரை சாப்பாடு வராது. கரண்டிச் சத்தம் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு வரிக்கும் "இன்னொரு தடவை" என்று கத்த, முதலாளி ஷஃபீக் சம்பளத்துக்கு ஸக்கி என்றொருவரை வைத்திருந்தார். ரசனை தானாக வருமா என்ன? அவர் கத்தக் கத்த பஹீகா திரும்பப் பாடுவார், அப்பா பொரித்த புறாக்கள் ஆறி விறைக்கும்.

ஒருநாள் அப்பா சொல்லிவிட்டார். "முதலாளி, இன்னைக்கும் புறா ஆறிச்சுன்னா நான் கிளம்பிடுவேன். அப்புறம் அந்தம்மா பாட்டையே தட்டுல வைங்க."

பயந்துபோன ஷஃபீக், ஸக்கியை வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று பஹீகா முதல் வரியைப் பாடி நிறுத்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை; அது ஸக்கியின் வேலை அல்லவா. பாராட்டு வராமல் அடுத்த வரிக்குப் போவது கௌரவக் குறைச்சல். அதனால் அதே வரியைப் பாடினார். மறுபடியும் பாடினார். பாடிக்கொண்டே இருந்தார்.

அப்பா கரண்டியோடு கூடத்துக்கு ஓடிவந்தார். "அல்லாஹ், பிரமாதம்மா. அடுத்த வரிக்குப் போங்க தாயி."

பஹீகாவுக்குக் கண் கலங்கியது. "பாத்தியா ஷஃபீக், அடுப்ப விட்டுட்டு ஓடி வந்திருக்காரு. இவருக்காக முதல்லேருந்து பாடறேன்."

அப்பா அன்றே பக்கத்துத் தெருவில் அவித்த அவரை விற்கும் கடைக்கு வேலைக்குப் போனார். அங்கே வானொலிகூடக் கிடையாது. அவர் போனதைச் செதுக்கப் பளிங்கில் இடம் போதவில்லையாம்.